சொந்தப் படைப்பையே ஆய்வுத் தரவாகக் கொள்ளலாமா?

கேள்வி:
முதுகலை நுண்கலைப் படிப்பில் அச்சோவியத்தை (தகடு, கல் போன்றவற்றில் உருவம் அமைத்துத் தாளில் அச்செடுக்கும் கலை) சிறப்புப் பாடமாக எடுத்துள்ளேன். ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் நேர்காணலும் நூலாய்வும் போதுமா, பட்டறையில் நான் செய்யும் வேலையையே தரவாகக் காட்டலாமா?

மறுமொழி 1:
தாராளமாகக் காட்டலாம். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஃபிரேலிங், கலையைப் பற்றிய ஆய்வு, கலையின் வழியே செய்யும் ஆய்வு, கலைக்கான ஆய்வு என 1993-இலேயே பிரித்துக் காட்டினார். உங்களுடையது இரண்டாம் வகை.

மறுமொழி 2:
ஆனால் படைத்துவிட்டால் மட்டும் அது ஆய்வாகிவிடாது. செப்புத் தகடு, அதை அரித்துக் கோடுகளைப் பள்ளமாக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் எத்தனை நிமிடம் கிடந்தது, கோடு எங்கே அகன்றது, அதைப் பார்த்து அடுத்து எதை மாற்றினீர்கள் என்பதைத் தேதியிட்டு எழுதி, ஒவ்வொரு நிலையிலும் ஒரு சோதனைப் பிரதி எடுத்து வைத்தால்தான் தேர்வாளர் உங்கள் முடிவுகளைப் பின்தொடர முடியும். பிக்காசோ 1945–46-இல் ஒரு காளையைப் பதினொரு கல்லச்சு நிலைகளில் படிப்படியாகச் சுருக்கியதை அந்தப் பிரதிகள் இருப்பதால்தான் இன்று நாம் படிக்கிறோம். மனநிலைக் குறிப்புகளை மட்டும் நிரப்பிய நாட்குறிப்பு, என் பார்வையில், தரவு ஆகாது.

மறுமொழி 3:
நேர்காணலையும் விட்டுவிடாதீர்கள், பேசுபவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.