பள்ளிக்கரணை வரைபட வேலைக்கு உதவி தேவை

எல்லாருக்கும் வணக்கம். நான் புவியியல் முதுகலை மாணவி. இன்டர்ன்ஷிப்பில், சென்னை பள்ளிக்கரணை சதுப்பு நிலச் சீரமைப்பை வரைபடம் மூலம் கண்காணிக்கும் வேலை. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம் இது. இதன் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது.

சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்டு, தண்ணீர் எது, தரை எது என்று பிரிக்கிறேன். திறந்த நீர்ப்பரப்பு சரியாக வருகிறது. ஆனால் ஆகாயத்தாமரை மூடிவிட்டால், மேலிருந்து பார்க்க வெறும் செடிதான். கோரை, சம்பு நிற்கும் இடமும் அப்படியே. போன சனிக்கிழமை நேரில் போனேன். வரைபடத்தில் தரை என்று வந்திருந்த இடத்தில் ஒரு தாழைக்கோழி குஞ்சுகளோடு நீந்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு, களத்தில் சரிபார்க்காமல் அறிக்கை கொடுக்க மனம் வரவில்லை.

பெரும்பாக்கம், துரைப்பாக்கம் பக்கம் இருப்பவர்கள் எடுத்த பழைய படங்கள் இருந்தால் கொடுங்கள். தேதியும் இடமும் தெரிந்தால் போதும். 2015 வெள்ளத்துக்கு முந்தையது என்றால் பெரிய உதவி. அப்புறம், வடகிழக்குப் பருவமழையில் மேகம் மறைப்பதால், மேகத்தை ஊடுருவி எடுக்கும் சென்டினல்-1 ரேடார் படங்களையும் பயன்படுத்த வேண்டும். அதில் பழக்கமுள்ள அண்ணன், அக்கா யாராவது ஒரு மணி நேரம் ஒதுக்கிச் சொல்லித்தர முடியுமா? ஞாயிறு காலை என்றால் நானே நேரில் வருகிறேன்.