கில்வா பெரிய பள்ளியும் நம்ம ஊர் முருகைக்கல்லும்

அஸ்ஸலாமு அலைக்கும். காக்காமார், ராத்தாமார் எல்லோருக்கும் தார் எஸ் சலாமிலிருந்து எழுதுகிறேன்.

நம்ம பழைய பள்ளிவாசலின் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) சுவரைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசலாமா என்று ஒரு வாரமாக நம்மிடையே பேச்சு ஓடுகிறது. போன மாதம் இரண்டு நாள் லீவில் இந்தத் தான்சானியாவிலேயே உள்ள கில்வா தீவுக்குப் போய்வந்தேன். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன், இந்தப் பேச்சுக்கு ஆகும்.

தெற்கே 300 கிலோமீட்டர் பஸ். அப்புறம் கில்வா மசோக்கோ என்ற ஊரில் அனுமதிச் சீட்டு வாங்கிப் படகு. இறங்கினால் கரையோரம் கோட்டை, அதைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் பெரிய பள்ளி. வடக்குப் பக்கம் கூரையே இல்லை. தெற்கே சில குவிமாடங்கள் மட்டும் நிற்கின்றன. சுவரில் கை வைத்தேன். முருகைக்கல்! காரை உதிர்ந்த இடமெல்லாம் தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் கண்கள். வாப்பிச்சா வீட்டு அடுக்களைச் சுவரில் விரலை விட்டு நோண்டி உம்மாவிடம் அடி வாங்கினேனே, அதே கல்.

சுவருக்குத் தரையில் வெட்டிய பழைய முருகைக்கல். மிஹ்ராபுக்கு (இமாம் நிற்கும் மாடத்துக்கு) மட்டும் கடலுக்குள்ளிருந்து ஈரத்தோடு எடுத்த கல். ஈரம் இருக்கும்போது கத்திக்கு இளகும், காய்ந்தால் இறுகிவிடும். சுண்ணாம்பும் அதே கல்லைச் சுட்டதுதான். கிப்லா, அதாவது தொழும் திசை, அங்கே வடக்கு. மேற்கே பார்த்தே பழகிய எனக்கு மிஹ்ராபைக் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

வடக்குப் பகுதிதான் மூத்தது, 11–12ஆம் நூற்றாண்டு. தெற்கே மொசாம்பிக் கரையில் உள்ள சோபாலாவிலிருந்து வந்த தங்க வியாபாரம் கில்வாவின் கையில் இருந்த காலத்தில், 14ஆம் நூற்றாண்டில், சுல்தான் அல்-ஹசன் இப்னு சுலைமான் தெற்கே பெரிதாக்கினார். அது இடிந்து விழ, 15ஆம் நூற்றாண்டில் எண்பட்டைத் தூண்கள் வைத்து மறுபடி எழுப்பினார்கள். இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான்.

பின்னாளில் நம்ம கரைக்கும் மதுரைக்கும் வந்த மொராக்கோ பயணி இப்னு பதூதா, 1331இல் கில்வாவுக்கு வந்திருக்கிறார். அவர் எழுதிவைத்த கதை இது. ஜும்ஆ தொழுகை முடிந்து சுல்தான் வெளியே வருகிறார். யமன் நாட்டு ஃபக்கீர் ஒருவர் வழிமறித்து, "நீங்கள் உடுத்தியிருக்கும் துணியைத் தாருங்கள்" என்கிறார். "தருகிறேன்." "இப்பவே வேண்டும்." சுல்தான் திரும்பிப் பள்ளிக்குள் போய், கத்தீபின் (பிரசங்கம் செய்பவரின்) அறையில் வேறு உடுப்பு மாற்றிக்கொண்டு, கழற்றியதைக் கொடுத்துவிட்டார். ஃபக்கீர் அதை மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினார். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சுல்தானின் மகன் அந்த உடையைத் திரும்ப வாங்கிக்கொண்டு பதிலுக்குக் கொடுத்தது பத்து அடிமைகளை. சுல்தான் தன் பங்குக்கு இன்னும் பத்துப் பேரும் இரண்டு சுமை யானைத் தந்தமும் கொடுத்தாராம். பள்ளியைச் சுற்றிப் பார்த்தபோது இதுவும் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது.

1505இல் போர்ச்சுக்கீசியர் அல்மெய்தா தலைமையில் கப்பல்களோடு வந்து ஊரைச் சூறையாடினார்கள். தங்க வியாபாரம் கைவிட்டுப் போனதும் ஊர் மெல்ல மெல்லக் காலியானது. 1981இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது; 2004இல் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலுக்குப் போய், பழுதுபார்த்த பிறகு 2014இல் அதிலிருந்து வெளியே வந்தது.

சரி, நம்ம விஷயம். முருகைக்கல் சுவர் உப்பையும் ஈரத்தையும் உறிஞ்சும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. உள்ளே தங்கும் உப்பு கல்லையே மாவாக்கிவிடும். நம்ம ஹவுல் (ஒளூச் செய்யும் தொட்டி) சுவரில் சிமெண்ட் பூசிய பகுதி மட்டும் வருஷா வருஷம் பொருக்குப் பொருக்காக உதிர்கிறதே, அதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். கடலில் முருகைக்கல் எடுக்கவும் இப்போது தடை. கொத்திப் போட்டால் மாற்றுக் கல் கிடையாது.

காளவாய் சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் யாராவது பக்கத்து ஊர்களில் இருந்தால் சொல்லுங்கள். டைல்ஸ் போடுவதற்கு முந்திய உள்பள்ளித் தூண்களின் போட்டோ யாரிடம் இருந்தாலும் சங்கக் கூட்டத்துக்கு முன்னால் அனுப்பிவையுங்கள். கல்யாண ஆல்பங்களில் கட்டாயம் இருக்கும்.