‘ஹாண்டில் கோணல்’: ஒரு சொல்லுக்குள் நாலு பழுது

மட்டக்களப்பிலிருந்து:

வணக்கம்.

மோட்டார் சைக்கிள் திருத்தும் பாடக் குறிப்பில் முன்பக்கக் கோளாறுகளுக்குரிய சொற்கள் இன்னும் முடிவாகவில்லை. ‘ஹாண்டில் கோணல்’ என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொல்கிறோம். வாங்க வருபவரும் அதைத்தான் சொல்கிறார், கராஜ் பில்லிலும் அதுதான் எழுதப்படுகிறது, விற்பவரும் “சின்னக் கோணல்தான், தட்டி எடுக்கலாம்” என்கிறார். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு விழுந்தெழும்பிய பைக்குகளும் பெயின்ற் பூசிக் கைமாறின. அவற்றில் கோணல் இருப்பது புதினமல்ல. எந்தக் கோணல் என்பதுதான் காசு விசயம்.

ஒன்று, ஹாண்டில் குழாயே வளைந்திருப்பது. இரண்டு, குழாய் நேராக இருக்க, முன் ஷொக் (முன்சில்லைத் தாங்கும் கால்கள்) இரண்டையும் பிடிக்கிற மேல் பிளேட்டும் கீழ் பிளேட்டும் ஒன்றுக்கொன்று திரும்பி நிற்பது. இதில் எந்த இரும்பும் வளையவில்லை, பிடி வழுக்கியிருக்கிறது, அவ்வளவுதான். மூன்று, ஷொக்கின் உள்குழாய் வளைந்திருப்பது. நாலாவது, ஹாண்டிலுக்குச் சம்பந்தமே இல்லாமல், பின்சில்லு சங்கிலிப் பக்கம் சரிந்து நிற்பதால் ஓட்டுபவர் ஹாண்டிலைக் கொஞ்சம் திருப்பிப் பிடிக்க வேண்டி வருவது.

முதலாவதுக்குப் புது ஹாண்டில் வேண்டும். இரண்டாவதுக்கு ஸ்பனரும் அரை மணித்தியாலமும் போதும். மூன்றாவதைக் கவனியாமல் விட்டால் ஒரு நாளைக்கு ஆளையே விழுத்தும். நாலாவதைச் சரிசெய்யச் சங்கிலி இழுக்கும் நட்டைத் தொட்டால் சரி. நாலுக்கும் ஒரே பெயர் இருந்தால் இரண்டாவது பழுதுக்கு ஹாண்டில் மாற்றிக் காசை விடுவார்கள், மூன்றாவது பழுதோடு பொத்துவில் வரைக்கும் ஓடுவார்கள்.

முன் ஷொக் இரண்டும் சேர்ந்ததைக் ‘கவை’ என்று வைத்துக்கொண்டு, இரண்டாவதுக்கு ‘முன்கவை முறுக்கம்’ என்று முன்மொழிகிறேன். மற்றவற்றுக்கு உங்கள் சொல் என்ன?

அக்கரைப்பற்றிலிருந்து:

சேர், பிரிச்சது சரி. சொல்லைப் பிறகு பார்ப்போம். எதைப் பார்த்து எது என்று முடிவெடுக்கிறது என்பதை முதலில் எழுதினால் சொல் தானாக வரும்.

பைக்கை நடு ஸ்ராண்டில், மட்டமான சீமெந்துத் தரையில் நிறுத்த வேணும். நேரான மரச்சட்டம் ஒன்றை மேல் பிளேட்டுக்குக் குறுக்கே, இரண்டு ஷொக் தலையையும் தொடுகிற மாதிரி வையுங்கோ. இன்னொன்றை அச்சுக்குக் கொஞ்சம் மேலே, ஷொக்கின் இரண்டு கீழ்க்காலிலும் முன்பக்கமாகக் கட்டுங்கோ. மேலேயிருந்து குனிஞ்சு பார்த்தால் இரண்டு சட்டமும் ஒரே போக்கில் நிற்க வேணும். நின்றால் ஷொக் திருகவில்லை, கோணல் பெரும்பாலும் ஹாண்டிலில்தான். நிற்காவிட்டால் இரண்டாவது அல்லது மூன்றாவது பழுது. ஹாண்டிலின் இரு நுனியிலிருந்தும் சீட்டின் நடுத் தையலுக்கு ரேப் பிடிச்சு அளக்கிறவர்கள் இருக்கினம். அது கெட்ட வழி இல்லை, ஆனால் வித்தியாசம் இருக்கு என்றுதான் சொல்லும், எங்கே என்று சொல்லாது.

ஹாண்டில்தான் என்று தெரிஞ்சால், கழற்றுகிறதுக்கு முன் பிடிக்கட்டையை, அதாவது ஹாண்டிலை மேல் பிளேட்டோடு பிடிக்கிற கட்டையைப் பாருங்கோ. ஹாண்டிலில் ஒரு சின்னப் புள்ளி குத்தியிருக்கும், அது பிடிக்கட்டையின் பிளவுக்கு நேரே வர வேணும். புள்ளி விலகியிருந்தால் குழாய் வளையவில்லை, உருண்டிருக்கு. நாலு பொல்ட்டையும் இளக்கி, புள்ளியைக் கொண்டுவந்து, முன் இரண்டையும் முதலில் இறுக்கி, பின் இரண்டையும் பிறகு இறுக்கினால் முடிஞ்சுது. பல ஹோண்டா வகைகளில் முறை இதுதான். இடைவெளி பின்பக்கம் மட்டும் மிஞ்சும், அதை மூட வேணும் என்று பலத்தைப் போட்டுப் பிடிக்கட்டையை வெடிக்க வைக்கக் கூடாது. சில வகைகளில் பிடிக்கட்டைக்குக் கீழே றப்பர் புஷ் இருக்கும். அது நைஞ்சு போனால் ஹாண்டில் ஆடும், ஒரு பக்கம் அமுங்கி நிற்கும். அதையும் கோணல் என்றுதான் சொல்லுவினம்.

புள்ளி சரியாக நிற்க, ஒரு கை மட்டும் தாழ்ந்தோ முன்னுக்கோ நின்றால் குழாய் வளைஞ்சிருக்கு. 22 மில்லிமீற்றர் இரும்புக் குழாயை நீட்டுக் குழாய் சொருகி மிண்டி நிமிர்த்துகிறவர்கள் இருக்கினம். நிமிரும். ஆனால் வளைஞ்ச இடத்தில் குழாய் தட்டையாகிப் போகும், அதே இடத்தில் இரண்டாம் தரம் வளையும், பிறகு கீறும். பற்றவைச்சது என்றால் கேட்கவே வேண்டாம். அலுமினிய ஹாண்டில் என்றால் நிமிர்த்திப் பார்க்கிற வேலையே வைக்க வேண்டாம்.

இனி ‘முறுக்கம்’. எங்கட பக்கம் பொடியன்கள் “ஷொக் திருகிட்டு” என்றுதான் சொல்லுறாங்கள்.

காரைதீவிலிருந்து:

அக்கரைப்பற்று நண்பர் கடைசி வரியில் போகிற போக்கில் சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன். ‘முறுக்கம்’ வேண்டாம். உயர்தரப் பௌதிகவியலில் அது ஏற்கெனவே வேறொன்றுக்குப் போய்விட்டது. ஒரு பொல்ட்டை இவ்வளவு நியூற்றன் மீற்றரில் இறுக்கு என்கிறோமே, அந்தக் கணியம்தான் முறுக்கம். இந்தக் குறிப்பில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் வரும். “10 மில்லிமீற்றர் பொல்ட்டை 34 நியூற்றன் மீற்றர் முறுக்கத்தில் இறுக்கினால் முறுக்கம் நீங்கும்” என்று எழுதிப் பாருங்கள், சேர். மாணவன் எதை இறுக்குவான், எதை நீக்குவான்?

‘முறுகல்’ என்று ஒரு யோசனை வரக்கூடும். அதைப் பத்திரிகைகள் எப்போதோ எடுத்துக்கொண்டன. முன்கவை முறுகல் என்றால் இரண்டு ஷொக்கும் பேச்சுவார்த்தைக்கு வர மறுக்கின்றன என்று அர்த்தமாகும்.

‘திருகல்’ நல்ல சொல். வினை ‘திருகு’, தன்வினையாக ‘திருகிப்போனது’, சரிசெய்வது ‘திருகல் நீக்கல்’. ‘கவை’யும் நல்லது, கிளை பிரிந்த கொம்பைக் கவை என்பது பழைய வழக்கு. ‘கவட்டை’ இன்னும் பேச்சில் உள்ளது என்று ஒருவர் கிளம்பலாம். வகுப்பில் சிரிப்பு அடங்காது. ஆக ‘கவைத்திருகல்’.

ஊரைச் சொல்லி ஒரு பெருமைக்காக அல்ல, பொருத்தம் கருதி ஒன்று. 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் எங்கள் விபுலானந்த அடிகள். அவர் கொழும்பில் தொழில்நுட்பக் கல்லூரியிலும் படித்தவர், பட்டறைச் சத்தம் தெரிந்தவர். பட்டறையில் வாயில் நிற்கிற சொல் முதலில், ஏட்டுச் சொல் பிறகு என்று நாமும் வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீரும்.

மட்டக்களப்பிலிருந்து:

‘கவைத்திருகல்’ ஏற்கிறேன். முறுக்கம் முறுக்கமாகவே இருக்கட்டும். அக்கரைப்பற்றுத் தம்பி, திருகல் நீக்கும் ஒழுங்கையும் எழுதினால் சொல் சரியாகப் பொருந்துகிறதா என்று தெரியும். ஒழுங்கு பிழைத்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து:

சரி சேர்.

முன்சில்லு தரையில் பட்டும் படாமலும் நிற்க வேணும். பாரம் முழுக்கச் சில்லில் இருந்தால், கீழ் பிளேட்டை இளக்கினதும் பைக் மூக்குக் குத்தி இறங்கும். சில்லு அந்தரத்தில் தொங்கினால் ஷொக் கீழே சறுக்கும். இளக்குகிறதுக்கு முன்னமே உள்குழாயில் பிளேட் ஓரமாக ஒரு பெயின்ற் கோடு போட்டுவிடுங்கோ, இரண்டு பக்கமும். பிறகு உயரம் பிழைச்சால் கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

இளக்க வேண்டியவை: முன் அச்சு நட், மட்காட் பொல்ட்கள், லைட் சட்டத்தின் பொல்ட், மேல் பிளேட்டின் பொல்ட்கள், நடுத் தண்டின் (இரண்டு பிளேட்டையும் இணைக்கிற தண்டின்) மேல் நட், கீழ் பிளேட்டின் பொல்ட்கள். எல்லாம் ஒரு சுற்று அளவுக்கு, கழற்ற வேண்டாம். சிறிய 100 சிசி வகை சிலவற்றில் ஷொக் தலைப் பொல்ட்டே மேல் பிளேட்டைப் பிடிக்கிறது, அதுக்குக் கீழே ஸ்பிரிங் அமுங்கிக் கிடக்கு. அதை அரைச் சுற்றுக்கு மேலே விடக் கூடாது, முகத்துக்கு வரும்.

பிறகு முன்னுக்கு நின்று சில்லை முழங்கால் இரண்டுக்கும் நடுவில் கவ்விப் பிடிச்சு, ஹாண்டிலைக் கோணலுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் ‘டொக்’ என்று ஒரு அசைவு கையில் தெரியும். பலத்த இழுவை வேண்டாம். இளக்க வேண்டியதை இளக்கியிருந்தால் இலேசாகத் திரும்பும். திரும்பாவிட்டால் எங்கேயோ ஒரு பொல்ட் மிச்சம் கிடக்கு, பெரும்பாலும் மட்காட்.

இறுக்குகிற ஒழுங்கு: நடுத்தண்டு நட், மேல் பிளேட், அச்சு நட். இனி முன் புறேக்கைப் பிடிச்சுக்கொண்டு முன்பக்கத்தை அஞ்சாறு தரம் அமத்தி விடுங்கோ. இரண்டு காலும் தங்கட இடத்தைத் தாங்களே எடுக்கும். அதுக்குப் பிறகுதான் கீழ் பிளேட். மட்காட் எல்லாத்துக்கும் கடைசி. மட்காட்டை முதலில் இறுக்கினால் அது இரண்டு காலையும் உள்ளுக்கு இழுத்துப் பிடிக்கும், ஷொக் பாதியில் சிக்கும், ஒரு பக்க சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கிற றப்பர் வளையம்) ஒரு மாதத்தில் எண்ணெய் கக்கும். ஆள் “புது சீல் சரியில்லை” என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போவார்.

இறுக்கும் அளவு பைக்கின் கையேட்டில் இருக்கும். கையேடு இல்லாவிட்டால் பொது அளவாக 8 மில்லிமீற்றர் பொல்ட்டுக்கு 22, 10 மில்லிமீற்றர் பொல்ட்டுக்கு 34 நியூற்றன் மீற்றர்.

எல்லாம் முடிஞ்ச பிறகு இன்னொரு சோதனை. லைட்டையும் மூடியையும் கழற்றினால் இரண்டு பிளேட்டுக்கும் நடுவில் உள்குழாய் வெறுமையாகத் தெரிகிற வகை என்றால், தடிச்ச கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு குழாயின் மேலும் படுக்க வையுங்கோ. நாலு மூலையும் தொட வேணும். ஒரு மூலை எழும்பி ஆடினால் திருகல் மிச்சம்.

களுவாஞ்சிகுடியிலிருந்து:

மூன்றாவது பழுதுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ‘வளைவு’ என்று ஹாண்டிலுக்கும் உள்குழாய்க்கும் ஒன்றாகச் சொல்லக் கூடாது. ஹாண்டில் பிறக்கும்போதே வளைவுதான், வளைவு அதன் வடிவம். பிழையாக வளைந்ததை ‘நெளிவு’ என்போம், தகரம் நெளிந்தது என்கிறோமே அப்படி: ஹாண்டில் நெளிவு. உள்குழாய் பிறப்பிலேயே நேரானது, ஆகவே ‘குழாய் வளைவு’ என்றாலே பழுது என்று விளங்கும்.

குழாய் வளைவையும் திருகலையும் பிரித்தறிய ஒரு வழி. மேலே சொன்னபடி திருகலை நீக்கியும் சட்டம் இரண்டும் ஒரே போக்கில் நிற்கவில்லை என்றால், ஒரு உள்குழாயை மட்டும் அதன் இடத்திலேயே அரைச் சுற்று, 180 பாகை, திருப்பிப் பாருங்கள். கோணல் கூடினாலோ குறைந்தாலோ அந்தக் குழாய் வளைவு. உறுதிப்படுத்தக் கழற்றி, லேத் கடையில் இரண்டு ‘வி’ கட்டையில் வைத்து உருட்டி, டயல் கேஜால் (முள் காட்டும் அளவுகருவியால்) அளக்கச் சொல்லுங்கள். பல வகைகளுக்கு எல்லை 0.2 மில்லிமீற்றர். முள் காட்டுகிற மொத்த ஆட்டத்தின் பாதிதான் வளைவு, இதை மறந்து நல்ல குழாயை எறிந்தவர்கள் உண்டு.

வளைவு பெரும்பாலும் கீழ் பிளேட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கும். அங்கே குரோமில் மயிரிழைக் கீறல் தெரிந்தால் பிரஸ்ஸில் நிமிர்த்துவதில் பயனில்லை. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊர்களில் அந்தக் கீறலுக்குள் உப்புக் காற்று புகுந்து துரு புள்ளி புள்ளியாக எழும்பும், துரு சீலை அரம் மாதிரி தின்னும். வாங்கும்போது விரல் நகத்தை அந்த இடத்தில் ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் விலையைக் குறையுங்கள், அல்லது எழும்பி வாருங்கள்.

சில்லை அந்தரத்தில் வைத்து ஹாண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் ‘கொளுக்’ என்று ஒரு பள்ளத்தில் விழுவது போல் நின்றால் அது கோன் செட்டின் (ஹாண்டில் திரும்பும் இடத்துப் பெயாரிங்கின்) குழி. கோணல் அல்ல, ஆனால் பைக் நேரே ஓடாது. அடிபட்ட பைக்கில் இரண்டும் சேர்ந்தே வரும். பைக் பிரேமின் தலைக்குழாய் ஒட்டில் பெயின்ற் வெடித்திருந்தால் இந்தப் பட்டியலே வேண்டாம், அது வேறு கதை.

காரைதீவிலிருந்து:

‘நெளிவு’, ‘வளைவு’ பிரிப்பு அழகு. ஒரு கேள்வி: ‘கவை’ என்று எந்தக் கராஜிலும் சொல்ல மாட்டார்கள். ஏட்டில் ‘கவை’, பக்கத்தில் ‘முன் ஷொக்’ என்று இரண்டும் வரட்டுமா?

மட்டக்களப்பிலிருந்து:

இரண்டும் வரட்டும். முதல் தடவை வருமிடத்தில் ‘முன் ஷொக், அதாவது கவை’ என்று எழுதிவிட்டுப் பிறகு கவை என்றே போகலாம். ஹாண்டில் உருளல், ஹாண்டில் நெளிவு, கவைத்திருகல், குழாய் வளைவு: இந்த நான்கும் குறிப்பில் சேர்கின்றன. ‘கோணல்’ ஓட்டுநர் சொல்லும் அறிகுறிக்கு மட்டும், பழுதின் பெயராக அல்ல.

பின்சில்லுச் சரிவை இந்தப் பகுதியில் வைக்கவில்லை, சங்கிலிப் பாடத்தில் சேர்க்கிறேன். இங்கே ஒரு வரி மட்டும் இருக்கும்: ஹாண்டிலைத் தொடுவதற்கு முன் பின் அச்சின் இரண்டு பக்கமும் உள்ள கோடுகளை எண்ணு, சமமாக இல்லாவிட்டால் முதலில் அதைச் சரிசெய், பிறகு ஆளில்லாத நேரான வீதியில், இடப்பக்கச் சரிவைத் தவிர்த்து நடுவில் ஓட்டிப் பார்.