சிண்ட்ரெல்லா செருப்பைத் தூக்கி எறியலாமா?

சத்துவாச்சாரி அம்மா:
மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்கு சிண்ட்ரெல்லா நாடகம். முடிவை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இளவரசன் கண்ணாடிச் செருப்போடு வருகிறான். அவள் அதை வாங்கித் தூர எறிந்துவிட்டு, "எனக்குக் கல்யாணம் வேண்டாம், நான் படிக்கப் போகிறேன்" என்கிறாள். திரை விழுகிறது. ஒத்திகை முடிந்து வந்த மகள், "கதை பாதியிலேயே நிக்குதும்மா" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மாற்றியது சரிதானா?

குடியாத்தம் தறி:
தப்பு. பழைய கதையில் கை வைக்க இவர்கள் யார்? மாற்றாந்தாய் கொடுமையைத் தாங்கிக்கொண்டு, மனசு கெடாமல் இருந்தவளுக்கு நல்ல காலம் வந்தது. கதை அவ்வளவுதான். பொறுமை கெட்ட வார்த்தையா? என் பாட்டி ராட்டை சுற்றிக்கொண்டே ஏழு ராணி கதை, நல்லதங்காள் கதை எல்லாம் சொல்வார். ஒரு வரி மாறாது. கேட்டு வளர்ந்த நாங்கள் யாரும் கெட்டுப்போகவில்லை.

காட்பாடி ஜங்ஷன்:
பாட்டி வடை சுட்ட கதையையே மாற்றியாச்சு அண்ணே. காக்கா வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு பாடுகிறது, நரி ஏமாந்து போகிறது. இரண்டிலும் பாட்டிக்கு வடை போனது போனதுதான். அதைப் பற்றி எந்த நீதியும் பேசுவதில்லை.

பாலாற்று மணல்:
குடியாத்தம் அண்ணா, "பழைய கதை" என்கிறீர்களே, எந்தப் பழைய கதை? கண்ணாடிச் செருப்பும் பூசணிக்காய் வண்டியும் பிரான்ஸ்காரர் பெரோ 1697-இல் எழுதியது. கிரிம் சகோதரர்கள் 1812-இல் ஜெர்மனியில் வெளியிட்டதில் தேவதையே கிடையாது. அம்மாவின் சமாதியில் ஒரு மரம் நிற்கிறது. அதனிடம் போய் அவளே உடை கேட்டு வாங்கிக்கொள்கிறாள். சீனாவில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இதே கதை இருக்கிறது. அங்கே மீன் எலும்பு வரம் தருகிறது. எது மாறாத கதை?

இன்னொன்று. ஹான்சலும் கிரெட்டலும் கதையில் குழந்தைகளைக் காட்டில் விட்டுவரச் சொன்னவள் முதலில் பெற்ற தாய். பனிவெண்மை (ஸ்னோ ஒயிட்) கதையிலும் மகள்மேல் பொறாமைப்பட்டவள் சொந்த அம்மாவேதான். தாய் அப்படிச் செய்வாளா என்று பின்னால் வந்த பதிப்புகளில் கிரிம்களே அவர்களை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். உங்கள் "மாற்றாந்தாய் கொடுமை"யில் பாதி, திருத்தி எழுதியதில் வந்தது.

குடியாத்தம் தறி:
சரி தங்கச்சி, மாறியிருக்கட்டும். மாற்றினால் நல்லதாகத்தான் மாறும் என்று யார் சொன்னது? டென்மார்க்காரர் ஆண்டர்சன் 1837-இல் எழுதிய கடல்கன்னி இளவரசனுக்காகக் குரலையே கொடுத்துவிட்டு, அவன் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொள்ள, கடல் நுரையாகக் கரைகிறாள். அதைப் படித்த பெண் பிள்ளை, ஒருத்தனுக்காக நாக்கை அறுத்துக்கொள்ளக்கூடாது என்று தானாகவே புரிந்துகொள்வாள். 1989 டிஸ்னி படத்தில் கல்யாணம் பண்ணிவைத்து அதையும் கெடுத்தார்கள். சோகத்தைத் தொடாமல் விட்டிருந்தால் உங்கள் கட்சிக்கே லாபம்.

பாலாற்று மணல்:
இதை ஒப்புக்கொள்கிறேன். செருப்பை எறிகிற முடிவு எனக்கும் பிடிக்கவில்லை. எறிந்துவிட்டு அவள் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போவாள்? அதே மாற்றாந்தாய் வீட்டுக்கா? ஃபீஸ் யார் கட்டுவார்?

என் கேள்வி வேறு. அவளுடைய அப்பா எங்கே? பெரோ கதையில் உயிரோடுதான் இருக்கிறார், மனைவி சொல்லுக்குக் கட்டுப்பட்டு. கிரிம் கதையில் இன்னும் மோசம். வீட்டில் வேறு பெண் உண்டா என்று இளவரசன் கேட்கும்போது, செத்துப்போன மனைவிக்குப் பிறந்த வளர்ச்சியில்லாத அடுப்படிக்காரி ஒருத்தி இருக்கிறாள், அவள் மணப்பெண் ஆக முடியாது என்று சொல்பவர் பெற்ற அப்பா. 1950-இல் வந்த கார்ட்டூன் படம் அவரைத் தொடக்கத்திலேயே சாகடித்துவிட்டது. கேள்வியும் அவரோடு போய்விட்டது. மிச்சம் இருப்பது இரண்டு பொம்பளைச் சண்டை.

நல்லதங்காளும் அதேதான். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் நல்லதம்பி வெளியே போயிருக்கிறான், அண்ணி மூளி அலங்காரி சோறு போடவில்லை. பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். உங்கள் பாட்டி இதற்கு என்ன நீதி சொன்னார்?

குடியாத்தம் தறி:
நாத்தனார் வீட்டுக்கு வந்தால் முதலில் இலையைப் போடு.

பாலாற்று மணல்:
யாரிடம் சொன்னார்?

குடியாத்தம் தறி:
மருமகள்களிடம். தெரிகிறது, எங்கே வருகிறீர்கள் என்று.

ஆரணி கூத்து:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தெருக்கூத்து. அப்பா கட்டுவது பெண் வேஷம். திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் பாஞ்சாலி துகில் அன்றைக்கு ராத்திரி வந்து பாருங்கள். சபையில் நின்று, "தன்னைத் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை?" என்று அவள் கேட்பாள். முன்வரிசையில் முறுக்கு தின்கிற பிள்ளைகளும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். ஐந்து புருஷனும் தலை குனிந்து நிற்பார்கள். அவர்களை யாரும் கதையிலிருந்து வெளியே அனுப்புவதில்லை.

குடியாத்தம் தறி:
தம்பி, அங்கேயும் கண்ணன் வந்து புடவை கொடுத்துத்தானே மானம் தப்பியது? கண்ணன் வந்தால் பக்தி, இளவரசன் வந்தால் பிற்போக்கா?

ஆரணி கூத்து:
நல்ல கேள்வி அண்ணே. ஆனால் திருவிழா அதோடு முடிவதில்லையே. பாஞ்சாலியின் அவிழ்ந்த கூந்தலோடு நாள் கணக்கில் நடக்கிறது. பதினெட்டாம் போர் அன்றைக்குப் படுகளத்தில் துரியோதனனை மண்ணால் ஆளுயரத்துக்குப் பல மடங்காகப் படுக்க வைத்திருப்பார்கள். அவன் தொடை பிளந்த பிறகுதான் அவள் கூந்தலை முடிகிறாள். பொறுமைக்குப் பரிசு என்று இதைச் சொல்ல முடியாது. மறக்கமாட்டேன் என்று நின்றவள் கதை. ஒன்று மட்டும் சொல்லவேண்டும்: இவ்வளவும் பேசும் பாஞ்சாலி வேஷத்தை எங்கள் பக்கம் காலங்காலமாக ஆண்தான் கட்டுகிறார். என் தங்கை கேட்டபோது வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

காட்பாடி ஜங்ஷன்:
மூன்றாம் வகுப்பு நாடகம் குருக்ஷேத்திரம் வரை போய்விட்டது.

சத்துவாச்சாரி அம்மா:
இன்று மிஸ்ஸிடம் பேசினேன். செருப்பு எறிவதைச் செயலாளரே பார்த்துப் பாராட்டிவிட்டாராம், மாற்ற முடியாது என்றார்கள். சரி, அப்பா வேஷம் ஒன்று சேருங்கள் என்றேன். சிரித்தார்கள், அப்புறம் சேர்த்துவிட்டார்கள். நாடகம் முழுக்க மேடை ஓரத்தில் நாற்காலி போட்டு பேப்பர் படிக்கவேண்டும். சிண்ட்ரெல்லா கடைசியில் அவர் பக்கம் திரும்பி, "அப்பா, நீங்க ஏன் ஒண்ணுமே சொல்லல?" என்று கேட்பாள்.

வசனம் இல்லாத வேஷம் என்று எந்தப் பையனும் வரவில்லை. எலி வேஷத்தை விட்டுவிட்டு என் மகள் கை தூக்கியிருக்கிறாள்.

குடியாத்தம் தறி:
செருப்பு எறிவது இப்போதும் எனக்குச் சம்மதமில்லை. அந்தக் கேள்விக்கு அப்பா என்ன பதில் சொல்கிறார்?

சத்துவாச்சாரி அம்மா:
பேப்பரை மடிக்கிறார். அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்கள். இவள் என் வீட்டுக்காரரின் தினசரியை எடுத்துவைத்துக்கொண்டு மடித்துப் பழகுகிறாள். மீசை எப்படி ஒட்டுவது என்றுதான் தெரியவில்லை.

ஆரணி கூத்து:
பசை வேண்டாம் அக்கா, குழந்தைத் தோல் எரியும். கண் மையால் வரைந்துவிடுங்கள். வரைவதற்கு முன் கொஞ்சம் பவுடர் ஒற்றினால் வியர்வையில் கலையாது.