எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் குழுவுக்கு நான் பொறுப்பு: எங்கே ஆரம்பிப்பது?

இளவெயில்:
வணக்கம். பாகுபாடில்லாமல் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு போவதற்கென்று எங்கள் நிறுவனத்தில் ஒரு குழு அமைத்து, பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். மேலிடத்தின் திட்டம்: ஒரு நாள் கட்டாயப் பயிற்சி, அப்புறம் சுவரெங்கும் வாசகங்கள். அடுத்த மாதம் காது சரியாகக் கேட்காத ஒருவர் எங்கள் பிரிவில் சேர்கிறார். அவர் ஒதுங்கிப் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை. பயிற்சி போதுமா?

தோணி:
பயிற்சி நடக்கட்டும், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். கேலவ், டாபின், கெல்லி என்ற சமூகவியலாளர்கள் அமெரிக்காவில் 708 தனியார் பணியிடங்களின் பல ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மேலாளர் பதவிகளுக்குப் பெண்களும் கறுப்பினத்தவரும் வருவதில் பயிற்சி வகுப்புகளால் பெரிய மாற்றமில்லை. இதற்கு இன்னார் பொறுப்பு என்று ஆளையோ குழுவையோ நியமித்த இடங்களில்தான் நல்ல முன்னேற்றம். ஆகவே, பெயருக்குப் பொறுப்பா, முடிவெடுக்கும் அதிகாரமும் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நீர்க்கோலம்:
எனக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு காது கேட்காது, இன்னொன்றில் கருவி. வேலை பார்த்த இடங்களில் யாரும் என்னை மோசமாக நடத்தியதில்லை. ஆனால் கூட்டத்தில் திடீரென்று எல்லோரும் சிரிப்பார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் "என்ன?" என்பேன். "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்பார். சொல்லவே மாட்டார். சிரிப்போடு போனால் பரவாயில்லை. எந்த வேலை யாருக்கு என்பதும் பாதி நேரம் அந்த மாதிரிப் பேச்சில்தான் முடிவாகும்.

ஒரு மேலாளர் மட்டும் வேறு மாதிரி. பேசப்போகும் விஷயங்களை முந்தின நாளே எழுதி அனுப்பிவிடுவார். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே புகுந்தால் கையைக் காட்டி நிறுத்துவார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டார். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் முகம் இருட்டாகி உதடு தெரியாமல் போய்விடும். முடிவானதை அங்கேயே திரையில் தட்டச்சு செய்வார். இதில் எதற்கும் செலவில்லை. அதுவரை வாயே திறக்காத புதியவர்கள் சிலரும் பேச ஆரம்பித்தார்கள். முன்கூட்டியே யோசித்துவர நேரம் கிடைத்தது, பேச்சை வெட்ட ஆளில்லை, அவ்வளவுதான்.

உங்களிடம் சேரப்போகிறவர் உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வார் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். பணம், மணம் இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். மிச்சத்தை ஊகித்தே ஆகவேண்டும். நாள் முழுக்க ஊகித்தால் சாயங்காலம் தலை கனத்துவிடும். அதனால் நீண்ட கூட்டங்களில் இடைவேளை விடுங்கள்.

சிலருக்குச் சைகை மொழி வசதி, சிலருக்கு எழுத்து. சேர்வதற்கு முன்பே அவரிடம் தனியாகக் கேளுங்கள். அதைச் சலுகை மாதிரிப் பேச வேண்டாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை, நியாயமான வசதியை மறுப்பதையும் பாகுபாடு என்றே சொல்கிறது.

இளவெயில்:
மிக்க நன்றி. பிரிவில் ஒருவர், "ஒருத்தருக்காக எல்லாரும் மாறணுமா?" என்கிறார். என்ன சொல்வது?

நீர்க்கோலம்:
உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் சுமார் 150 கோடிப் பேருக்குக் கேட்கும் திறனில் ஏதோவொரு அளவு குறைபாடு இருக்கிறது. வெளியே சொல்லாத ஒருவர் உங்கள் பிரிவிலேயே இருக்கலாம். ஆனால் அப்படிக் கேட்டவரோடு வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். புதியவர் வரும்வரை காத்திராமல் இந்த வாரமே கூட்டங்களை இப்படி நடத்துங்கள். கேள்வி கேட்டவருக்கும் பேச ஒழுங்கான முறை கிடைக்கும், அவரே பார்த்துக்கொள்வார்.

இன்னொன்று: முதல் நாள் சாப்பிடும்போது யாராவது புதியவருக்கு எதிரே உட்காருங்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் பேசுவது தெரியாது.