ஜியோமெம்பிரேன்: 'புவிச்சவ்வு' வேண்டாம், 'நிலப்படுதா' என்போமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஜியோமெம்பிரேன் என்பது நீர் கசியாமலிருக்க மண்ணின்மேல் விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட். அதற்குத் தமிழில் 'புவிச்சவ்வு' என்று சொல்லலாம் என்ற பரிந்துரையில் எனக்கு உடன்பாடில்லை. பள்ளிப் பாடத்தில் சவ்வு என்றால் சிலதை விடும், சிலதைத் தடுக்கும். இந்த விரிப்பை வாங்குவதே சொட்டுக்கூட இறங்கக் கூடாது என்றுதான். நகராட்சித் திடக்கழிவு விதிகள் (2000) குப்பை நிரப்புமிடத்தின் அடியில் 90 செ.மீ. களிமண்ணும் அதன்மேல் 1.5 மி.மீ. எச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலிஎதிலீன் பிளாஸ்டிக்) விரிப்பும் கேட்டன. குப்பையிலிருந்து வடியும் சாறு கிணற்று நீரில் சேரக் கூடாதே! அதற்குப் போய்ச் சவ்வு என்று பேர் வைப்பதா?

இன்னொரு குழப்பமும் உண்டு. ஜியோடெக்ஸ்டைல் என்று துணிபோன்ற வேறொரு விரிப்பு இருக்கிறது. அது நீரை விட்டுவிட்டு மண்ணை மட்டும் பிடித்துவைக்கும். சரிவில் மண் அரிக்காமலிருக்க விரிக்கும் தென்னை நார்க் கயிற்று வலை அந்த இனம்தான். அதற்கு 'நிலத்துணி' பொருந்தும். இரண்டையும் 'விரிப்பு' என்றே எழுதிவைத்தால், குட்டைக்குத் துணியை வாங்கிப் போட்டுவிட்டுத் தண்ணீர் எங்கே என்று தேட வேண்டியதுதான்.

குமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் சரளை மண்ணில் வெறுமனே குழி வெட்டினால் நீர் நிற்காது. ஷீட் போட்டுத்தான் தேக்க வேண்டும். எல்லை தாண்டினால் கேரளத்தில் அதைப் 'படுதாக்குளம்' என்கிறார்கள். படுதா நமக்கும் தெரிந்த சொல்தான், மழைக்கு லாரியில் மூடுவது. ஆகவே 'நிலப்படுதா'. பர்தாவிலிருந்து வந்த சொல் என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். வரட்டும், கேட்டதும் நீர் ஒழுகாத பொருள் என்று புரிகிறதல்லவா?

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: 'மீன் குட்டைக்கு நிலப்படுதா விரித்தார்கள்', 'உப்புப் பாத்தியில் நிலப்படுதா போட்டால் உப்பில் சேறு கலக்காது'. புத்தளம் உப்பளக்காரரிடம் சொன்னாலும் விளக்கம் கேட்கமாட்டார். இரண்டு துணி அடுக்குக்கு நடுவே, நனைந்தால் ஊதி நீரை அடைக்கும் பெண்டோனைட் களிமண் வைத்து வருவதைக் 'களிப்படுதா' என்றுவிடலாம்.

எனக்குப் பிடிபடாதது, இரண்டு படுதாக்களை இணைக்கும் ஒட்டுக்கான சொல். ஆப்பு வடிவச் சூடான கருவியை ஓட்டி இரண்டு விளிம்பையும் இரு கோடுகளாக உருக்கி ஒட்டுவார்கள். நடுவில் விடும் இடைவெளியில் காற்றழுத்தம் ஏற்றி, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். 'இரட்டை உருக்கொட்டு' என்றால் நாக்கு சுளுக்குகிறது. வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.