கலைச்சொல் விவாதம்: நகத்தின் குறுக்கே விழும் பள்ளத்துக்கு என்ன பெயர்?

மடல் 1
அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், கோயம்புத்தூர்

வணக்கம் நண்பர்களே,

செவிலியர் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். இப்போது நகம் பற்றிய அத்தியாயம். நகச்சுற்று, சொத்தை நகம், பிறை ஆகியவற்றில் சிக்கல் இல்லை. மக்கள் வாயிலேயே சொல் இருக்கிறது. தடங்கல் ‘போஸ் லைன்ஸ்’ என்பதில்தான். கடுமையான நோய்க்குப் பிறகு நகத்தின் குறுக்கே விழும் பள்ளம் இது. 1846-இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ஜோசப் ஹொனோரே சிமோன் போவின் பெயரால் வழங்குகிறது.

‘போ கோடு’ என்று எழுதினால் படிப்பவர் கண்ணில் முதலில் படுவது ஏவல் வினை. ‘குறுக்குக் கோடு’ என்றால் அதே அத்தியாயத்தில் வரும் மீஸ் கோடுகளும் மியூர்க்கி கோடுகளும் குறுக்கேதான் ஓடுகின்றன. ‘நகக்குறுக்குவரி’ என்று வைக்கலாமா? உங்கள் கருத்து வேண்டும்.

மடல் 2
அனுப்பியவர்: தோல் மருத்துவர், மதுரை

> ‘நகக்குறுக்குவரி’ என்று வைக்கலாமா?

வேண்டாம் ஐயா. ‘வரி’ என்றதும் நிறம்தான் நினைவுக்கு வரும். வரிப்புலி, வரிக்குதிரை எல்லாம் அப்படித்தான். போ விவரித்ததில் நிற மாற்றமே இல்லை. அது மேடுபள்ளம். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலும் தெரியும். மற்ற இரண்டும் தடவினால் தெரியாது. இந்த வேறுபாட்டைச் சொல்லிலேயே கொண்டுவந்துவிட்டால் பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடும்.

மூன்றையும் பிரித்துச் சொல்கிறேன்.

போ விவரித்த பள்ளம் நகத்தகட்டில் இருக்கிறது. நகத்தை உருவாக்கும் திசு, அதாவது நகமூலம், தோல்மடிப்புக்கு அடியில் இருக்கிறது. அதன் முன்பகுதிதான் வெண்பிறையாக வெளியே தெரிகிறது. கடுங்காய்ச்சல், பெரிய அறுவை சிகிச்சை, புற்றுநோய் மருந்து போன்ற ஏதோ ஒன்றால் அங்கே உயிரணுப் பிரிவு சில நாள் தளர்கிறது. அந்த நாள்களில் உருவான தகடு மெலிந்திருக்கும். பிறகு வழக்கமான கனத்தில் வளரும் நகம் அந்த மெலிந்த பகுதியை நுனி நோக்கித் தள்ளிக்கொண்டு போகும். பள்ளத்தின் அகலம் தளர்ச்சி எத்தனை நாள் நீடித்தது என்பதைக் காட்டும். ஆழம் அது எவ்வளவு கடுமை என்பதைக் காட்டும்.

மீஸ் கோடும் தகட்டில்தான். ஆனால் அது வெள்ளை நிறப்பட்டை, மேற்பரப்பு வழுவழுப்பாகவே இருக்கும். டச்சு மருத்துவர் மீஸ் 1919-இல் ஆர்செனிக் நஞ்சேறியவர்களிடம் விவரித்தது. தாலியம் நஞ்சிலும் வேறு சில கடும் நோய்களிலும் வரும். தகட்டிலேயே இருப்பதால் நகத்தோடு சேர்ந்து நகரும்.

மியூர்க்கி 1956-இல் விவரித்தவை இரட்டை வெள்ளைப் பட்டைகள். அவை தகட்டில் இல்லை. அதன் கீழே உள்ள சதையில், நகப்படுகையில் இருக்கின்றன. இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் 100 மி.லி.க்கு 2.2 கிராமுக்குக் கீழே போகும்போது தோன்றும். சிறுநீரில் புரதம் கொட்டும் சிறுநீரக நோயில் பார்க்கலாம். நகம் வளர்ந்தாலும் இடம் மாறாது. நகத்தை அழுத்தினால் மறையும், ஆல்புமின் ஏறினால் போய்விடும்.

மூன்றையும் ‘கோடு’ என்று எழுதினால், சிறுநீரகத்தைப் பரிசோதிக்க வேண்டியவரிடம் போன மாதக் காய்ச்சலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்போம்.

மடல் 3
அனுப்பியவர்: உழவு வழக்குச்சொல் திரட்டுபவர், தஞ்சாவூர்

டாக்டர் அம்மா சொன்னதைப் படித்ததும் தோன்றியது ‘சால்’. ஏர் ஓட்டும்போது கொழு கீறிச் செல்லும் நீண்ட பள்ளம். படைச்சால், உழவுச்சால் என்பவை இன்றும் புழக்கத்தில் உள்ளவை. நீளம், ஆழம், இருபுறமும் சற்று எழும்பிய கரை, இந்த மூன்றும் ஒரே அசையில் கிடைக்கின்றன. ‘பள்ளம்’ என்றால் நீளம் வராது. ‘கீறல்’ என்றால் வெளியிலிருந்து யாரோ கிழித்தது போலாகிவிடும்.

ஆகவே: நகச்சால்.

மடல் 4
அனுப்பியவர்: மருத்துவர், யாழ்ப்பாணம்

வணக்கம். ‘நகச்சால்’ நல்ல சொல். இரண்டு தடைகளைச் சொல்லுறன்.

முதலாவது, ‘சால்’ எண்டால் பெரிய நீர்ப்பாத்திரம் எண்டும் பொருள் இருக்கு. தனியே நிண்டால் குழப்பம் வரும். ஆனால் ‘நகம்’ முன்னுக்கு வந்த பிறகு அந்தக் குழப்பம் நிற்காது எண்டுதான் நினைக்கிறன்.

இரண்டாவது தடைதான் முக்கியம். நகத்தில் நெடுக்காகவும் பள்ளம் விழும். கட்டைவிரல் நகத்தின் நடுவே அடியிலிருந்து நுனிவரை ஓடுகிற பிளவு போன்ற பள்ளம் ஒண்டு இருக்கு. அது வேறு நோய்நிலை. வயது போகப்போக எல்லாருக்கும் நெடுக்கு வரம்புகள் வரும். அதுக்கு நோய் ஒண்டுமே காரணமில்லை. ‘நகச்சால்’ எண்டு மட்டும் எழுதினால் ஐம்பது வயதுக்காரர் தன் நகத்தில் இருக்கிற நெடுக்கு வரம்பைப் பார்த்துப் பயப்படுவார். திசை சொல்லுக்குள்ளேயே வரவேணும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழில் மருத்துவம் படிப்பித்த காலத்திலிருந்தே இங்கே இந்தக் கேள்வி உண்டு: கண்டறிந்தவர் பெயரை விடுவதா, வைப்பதா? என் கருத்து, தலைச்சொல்லில் பெயர் வேண்டாம். விளக்கத்தில் ஒரு முறை வரட்டும். இல்லாவிட்டால் மாணவர் ஆங்கில நூலுக்குப் போகும்போது பாலம் இருக்காது.

மடல் 5
அனுப்பியவர்: உழவு வழக்குச்சொல் திரட்டுபவர், தஞ்சாவூர்

> திசை சொல்லுக்குள்ளேயே வரவேணும்.

உழவிலேயே வழி இருக்கிறது ஐயா. முதல் உழவை நெடுக்காக ஓட்டி, அடுத்ததைக் குறுக்கே ஓட்டுவது வழக்கம். எனவே ‘குறுக்குச்சால்’, ‘நெடுஞ்சால்’ என்று இணையாக வைக்கலாம். நகம் பற்றிய அத்தியாயத்துக்குள் ‘நக’ என்ற முன்னொட்டு தேவையில்லை. அகராதியில் மட்டும் ‘நகக் குறுக்குச்சால்’. இயல்பான முதுமை வரம்புகளுக்குச் ‘சால்’ வேண்டாம், ‘வரம்பு’ என்றே விடுவோம். வரம்பு மேடு, சால் பள்ளம்.

மடல் 6
அனுப்பியவர்: செவிலியர் கல்லூரி ஆசிரியர், திருநெல்வேலி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ‘நோய்த்தடம்’ என்ற சொல்தான் முதலில் பிடித்திருந்தது. நோயாளிக்கு உடனே புரியும். ‘நகவடு’ என்றும் யோசித்தேன். இரண்டையும் பற்றி டாக்டர் அம்மா என்ன சொல்கிறீர்கள்?

வார்டில் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் எழுதிவிடுகிறேன், விளக்கத்தில் சேர்க்க உதவும்.

நகச்சாயத்தை முழுதும் நீக்க வேண்டும். மருதாணி இருந்தால் நிற மாற்றம் எதையும் நம்ப முடியாது, அது வளர்ந்து வெளியேறும்வரை காத்திருப்பதுதான் வழி; ஆனால் மருதாணி பள்ளத்தை மறைக்காது, தடவிப் பார்க்கலாம். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி நகத்தைப் பிடிக்க வேண்டும். நேர் மேலிருந்து டார்ச் அடித்தால் பள்ளம் தெரியாமல் போய்விடும். பிறகு உங்கள் சுட்டுவிரல் நக நுனியைத் தோல்மடிப்பிலிருந்து நுனி நோக்கி மெதுவாக இழுங்கள். சால் இருந்தால் தட்டும். பத்து விரலையும் பார்த்து எழுத வேண்டும், காலின் பெருவிரலையும் சேர்த்து. அடுத்து, நகத்தை மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பட்டை மறைந்தால் அது படுகையைச் சேர்ந்தது. கடைசியாக மில்லிமீட்டர் அளவுகோலால் தோல்மடிப்பிலிருந்து சால்வரை அளந்து தேதியோடு குறித்து, ஒரு மாதம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். 3 மி.மீ. அளவுக்கு நகர்ந்திருந்தால் தகட்டில் உள்ளது என்பது உறுதி.

மடல் 7
அனுப்பியவர்: தோல் மருத்துவர், மதுரை

> ‘நோய்த்தடம்’... ‘நகவடு’ என்றும் யோசித்தேன்.

‘வடு’ நிலைத்து நிற்பது. குறுக்குச்சால் வளர்ந்து வெளியேறிவிடும். நகத்தில் உண்மையான வடு தனியாக இருக்கிறது: லைக்கன் பிளானஸ் போன்ற நோயில் நகமூலமே அழிந்து, தோல்மடிப்பு முன்னால் வளர்ந்து படுகையோடு ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் நகம் திரும்ப வராது. ‘நகவடு’ என்ற சொல்லை அதற்கு வைத்திருங்கள், வீணாக்க வேண்டாம்.

‘நோய்த்தடம்’ எனக்கு இன்னும் கவலை தருகிறது, ஏனென்றால் அது காரணத்தைப் பெயரிலேயே முடிவு செய்துவிடுகிறது. கதவிடுக்கில் சிக்கிய ஒரு விரலிலும் இதே சால் வரும். ஒரே ஒரு நகத்தில் இருந்தால் அந்த விரலுக்கு என்ன நேர்ந்தது என்று கேளுங்கள். பல நகங்களில், மடிப்பிலிருந்து ஏறக்குறைய ஒரே அளவு தூரத்தில் இருந்தால்தான் உடல் முழுவதையும் பாதித்த ஒன்றைத் தேட வேண்டும். பெயர் வடிவத்தைச் சொல்லட்டும். காரணத்தை மருத்துவர் சொல்லட்டும்.

ஏமாற்றும் நிலைகள் இரண்டு உண்டு. சிலர் சுட்டுவிரலால் கட்டைவிரலின் தோல்மடிப்பைத் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்குக் கட்டைவிரல் நகத்தின் நடுவில் மட்டும் அடுக்கடுக்காகப் பள்ளங்கள் விழும், பிறையும் பெரிதாகத் தெரியும். இரத்தப் பரிசோதனை எழுதித் தருவதில் பயனில்லை. அந்தப் பழக்கத்தை நிறுத்தினால் சில மாதங்களில் நேராகும். இரண்டாவது, நாள் முழுதும் தண்ணீரில் கைவைப்பவர்களின் நாள்பட்ட நகச்சுற்று. துணி துவைப்பவர்கள், மீன் கழுவுபவர்கள், பாத்திரம் தேய்ப்பவர்கள். மடிப்பின் வீக்கம் நகமூலத்தை அழுத்துவதால் ஒழுங்கற்ற குறுக்குப் பள்ளங்கள் வரும், பெரும்பாலும் நகத்தின் ஓரத்தில். மடிப்பு தடித்து, நகத்தோடு ஒட்டியிருக்கும் மெல்லிய தோல் காணாமல் போயிருக்கும். அதைப் பார்த்தாலே பிரித்துவிடலாம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கைநகம் நாளுக்குச் சுமார் 0.1 மி.மீ. வளர்கிறது. சால் மடிப்பிலிருந்து 9 மி.மீ. தள்ளி இருந்தால் அது வெளியே வந்து சுமார் 90 நாள். மடிப்புக்கு அடியில் மறைந்து வளர்ந்த காலத்துக்குச் சில வாரங்கள் கூட்டுங்கள். ஆக, ஏறக்குறைய நான்கு மாதத்துக்கு முன் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். இதில் நாளைக் கண்டுபிடிக்க முடியாது, மாதத்தைத்தான் சொல்லலாம். நடுவிரல் நகம் வேகமாக வளரும், சுண்டுவிரல் மெதுவாக. முதுமையிலும் ஊட்டக் குறைவிலும் வேகம் இன்னும் குறையும்.

புற்றுநோய் மருந்து 21 நாளுக்கு ஒரு முறை ஏற்றப்படுபவர்களிடம் சுமார் 2 மி.மீ. இடைவெளியில் சால்கள் வரிசையாக நிற்கும். எத்தனை சுற்று முடிந்தது என்பதை நகத்திலேயே எண்ணலாம். வேறு எந்தச் சொல்லையும்விடச் ‘சால்’ இங்கே பொருந்துவது மகிழ்ச்சியாக இருக்கிறது.

மடல் 8
அனுப்பியவர்: மருத்துவர், யாழ்ப்பாணம்

‘குறுக்குச்சால்’ எனக்கும் சம்மதம். இதோடு சேர்த்து இன்னொரு சொல்லையும் முடிவெடுங்கோ. நகமூலம் முழுசா நிண்டுபோனால் சால் தகட்டின் முழுக் கனத்துக்கும் இறங்கி, நகம் அடியிலிருந்தே கழண்டு வரும். கை, கால், வாய் நோய் வந்த பிள்ளைகளுக்கு ஒண்டு இரண்டு மாதம் கழிச்சு இப்பிடி நடக்கும். அதுக்குள்ள காய்ச்சலையே தாய்மார் மறந்திருப்பினம். நகம் கழருதெண்டு பதறி ஓடி வருவினம். பெரும்பாலும் மருந்தே தேவையில்லை, புது நகம் பின்னாலேயே முளைச்சு வரும். இதுக்கு ‘நகக்கழற்சி’.

நுனிப் பக்கத்திலிருந்து தகடு படுகையை விட்டுப் பிரியிறது வேறு. பூஞ்சை, சொரியாசிஸ், தைரொயிட் மிகை எண்டு அதுக்குக் காரணங்கள் வேறு. அதுக்கு ‘நகவிலகல்’. ரெண்டுக்கும் ஒரே சொல்லை எழுதவேண்டாம்.

மடல் 9
அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், கோயம்புத்தூர்

அனைவருக்கும் நன்றி. கையேட்டில் சேர்க்கும் பதிவு இது:

குறுக்குச்சால்: நகத்தகட்டில் இடவலமாக ஓடும், தடவினால் உணரக்கூடிய பள்ளம். நகமூலத்தின் வளர்ச்சி தற்காலிகமாகத் தளர்வதால் உண்டாவது. நகத்தோடு சேர்ந்து நுனி நோக்கி நகரும். பல நகங்களில் ஒரே மட்டத்தில் இருந்தால் கடந்த ஆறு மாதத்தில் வந்த கடும் நோய், அறுவை, மருந்து பற்றிக் கேட்க வேண்டும். போ விவரித்தது (1846).

தகட்டு வெண்பட்டை: நிற மாற்றம் மட்டும், தடவினால் தெரியாது, அழுத்தினாலும் மறையாது, நகரும். மீஸ் (1919).

படுகை வெண்பட்டை: பெரும்பாலும் இரட்டை, அழுத்தினால் மறையும், நகராது, ஆல்புமின் அளவு பார்க்க வேண்டும். மியூர்க்கி (1956).

சின்ன வெள்ளைப் புள்ளிகளுக்கு ‘நகப்பூ’ என்று வைத்திருக்கிறேன். ‘கொக்கே கொக்கே பூப்போடு’ என்று பிள்ளைகள் கேட்கும் அதே பூ. சுண்ணாம்புச்சத்துக் குறைவு என்ற தவறான நம்பிக்கையை மறுத்து, நகமூலத்தில் பட்ட சிறு அடிகளே காரணம் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

மடல் 10
அனுப்பியவர்: தோல் மருத்துவர், மதுரை

> கடந்த ஆறு மாதத்தில்

இது கைநகத்துக்குத்தான் சரி. காலின் பெருவிரல் நகம் முழுதாக மாற 12 முதல் 18 மாதம் ஆகும். கையில் சால் வளர்ந்து வெளியேறிய பிறகும் காலில் நிற்கும். ‘கைநகமானால் ஆறு மாதம், கால் பெருவிரலானால் ஓராண்டுக்கு மேல்’ என்று திருத்துங்கள்.

அதோடு, நெடுக்காக ஓடும் கரும்பட்டையைப் பற்றிய பதிவை எச்சரிக்கைக் கட்டத்துக்குள் போடுங்கள். நம் நிறத்தவருக்குப் பல நகங்களில் மெல்லிய கரும்பட்டைகள் இருப்பது இயல்பு. ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி, 3 மி.மீ.க்கு மேல் அகலமாகி, கருமை தோல்மடிப்பின் மேலும் படர்ந்தால் மெலனோமா என்ற புற்றுநோயாக இருக்கலாம். அதை வளர்ந்து போகட்டும் என்று விடக்கூடாது; திசுப் பரிசோதனைக்கு உடனே அனுப்ப வேண்டும்.